பிறை நிலா பட்டன்

"என்ன தாயி, மிஷின் மறுபடியும் தூங்கிருச்சா? ராத்திரி ஷிப்ட் பார்த்துட்டு நேரா இங்க வந்துருக்கோ?"

வரிசையின் முன்னால் நின்ற இசக்கிமுத்து கேட்டதும் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தனகோட்டிக்கு முகம் சுண்டிப்போனது. அவள் முன்னால் கம்ப்யூட்டர் இருண்டு கிடந்தது.

சுரங்கத்துக்குள் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு கேட் பாஸ் அடித்துக் கொடுக்கிற கவுண்ட்டர் அது. சங்கு ஊதுவதற்குள் பாஸ் கைக்கு வராவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. சிரிப்பு கூச்சலாக மாற வெகு நேரம் ஆகாது.

பக்கத்துக் கவுண்ட்டரிலிருந்து சசிகுமார் எட்டிப் பார்த்தார்.

"உன் கை பட்டாலே அதுக்குத் தாலாட்டு பாடின மாதிரி ஆயிடுது போல, தனம்!"

"கரண்ட் கோளாறுண்ணே" என்றாள்.

கரண்டில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு அவள் சுண்டு விரலில் இருந்தது. போன வருஷம் வடக்குத்து கிராமத்துக்குப் போகிற வழியில் மொபெட் சறுக்கி விழுந்ததிலிருந்து வலது கைச் சுண்டு விரல் மடங்காது. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கும். எண்டர் தட்டும்போதெல்லாம் அது போய், பக்கத்தில் பிறை நிலா படம் போட்ட பட்டன் மேல் விழுந்துவிடும். அந்தப் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் தூங்கிப் போகும். அதை எழுப்பி, மறுபடி பாஸ்வேர்டு போட்டு முடிப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

உண்மையைச் சொல்லலாம்தான். 'கை சரியில்லாதவளுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?' என்று யாராவது கேட்டுவிட்டால்? இன்னும் ட்ரையலில் இருக்கிற வேலை. வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை சூப்பர்வைசர் சக்கரபாணி கூப்பிட்டார்.

"இதோ பாரும்மா, நாளைக்குக் காலையில நானே வந்து நிப்பேன். சங்கு ஊதும்போது உன் கவுண்ட்டர்ல ஒரே ஒரு ஆள் நின்னாலும் சரி, சீட்டு வேற ஆளுக்கு. சசிகுமாரோட சம்சாரம் வேற கேட்டுக்கிட்டே இருக்கு."

அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சசிகுமாரின் மனைவி வளர்மதி கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள்.

மறுநாள் காலை தனகோட்டி சீக்கிரமே வந்தாள். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய நாற்காலியில் சசிகுமார்! அவளுடைய கீபோர்டின் மேல் அவர் கை!

அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார்.

"என்னண்ணே, என் சீட்டுல?"

"ஒண்ணுமில்ல. சும்மா பார்த்துகினு இருந்தேன்."

சும்மாவா? மேலே கேட்க வாயெடுத்தாள். ஆனால், அதற்குள் சக்கரபாணி வந்து தூண் ஓரமாக நின்றுவிட்டார். வெளியே வரிசையும் கூடிவிட்டது.

முதல் பெயரை அடித்தாள். எண்டர் தட்டினாள். நீட்டிக்கொண்டிருந்த விரல் வழக்கம்போல நிலாவின் மேல் விழுந்தது.

தொலைந்தோம் என்று கண்ணை மூடினாள்.

திறந்தபோது திரை பளிச்சென்று இருந்தது. பிரிண்டரிலிருந்து பாஸ் வந்துகொண்டிருந்தது!

அடுத்த பெயர். மறுபடியும் விரல் விழுந்தது. மறுபடியும் திரை அணையவில்லை.

அவ்வளவுதான். விரல் எங்கே போய் விழுமோ என்ற பயம் விட்டுப்போனதும் மற்ற விரல்களுக்கு இறக்கை முளைத்துவிட்டது.

"என்ன தாயி, இன்னைக்கு மிஷினுக்கு டீ வாங்கிக் குடுத்தியா?" என்றார் இசக்கிமுத்து.

"ஸ்ட்ராங் டீ அண்ணாச்சி! பாஸைப் பிடிங்க, நகருங்க, பின்னால ஆள் நிக்குது!"

சசிகுமாரின் வரிசையில் கடைசியில் நின்றவர்கள்கூட ஒவ்வொருவராக இவள் பக்கம் தாவினார்கள். சங்கு ஊதியபோது அவள் கவுண்ட்டருக்கு முன்னால் வெயில் மட்டும்தான் நின்றது.

சக்கரபாணி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"இனிமே ட்ரையல் கிடையாது. சீட்டு உனக்குத்தாம்மா."

அவர் வெளியே போகும்வரை காத்திருந்தாள். பிறகு பக்கத்துக் கவுண்ட்டர் பக்கம் திரும்பினாள். ஜெயித்த தைரியம், அடக்கி வைத்திருந்த ஆத்திரம், எல்லாம் சேர்ந்துகொண்டது.

"காலையில என்னமோ பண்ணி வெச்சீங்களே அண்ணே, பலிக்கல பார்த்தீங்களா? அடுத்தவ சோத்துல மண்ணு போட நெனச்சா இப்படித்தான்!"

சசிகுமார் எழுந்து வந்து, அவள் கீபோர்டில் இருந்த நிலா பட்டனை டொக், டொக்கென்று அழுத்தினார். திரை அசையவே இல்லை.

"பலிச்சிருக்கே" என்றார். "இதை அழுத்தினா ஒண்ணும் பண்ணாதேன்னு கம்ப்யூட்டர்ல மாத்தி வெச்சிட்டேன். ஒருவேளை சூப்பர்வைசர் நம்மள சீட்டு மாத்தி உக்காரச் சொல்லிட்டார்னா? அதான், என் மிஷின்லயும் மாத்திட்டேன்."

தனகோட்டி தானும் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தாள்.

"அண்ணே... அப்ப, வளர்மதி அக்கா இந்தச் சீட்டுக்கு..."

"நேத்து மத்தியானம் எனக்குச் சோறு எடுத்துகினு வந்தா இல்ல, அப்ப உன் விரல் நிலா பட்டன் மேல விழறதைப் பார்த்ததே அவதான். எனக்கு எங்க தெரிஞ்சுது? வூட்டுக்குப் போனதும் புடிச்சிக்கினா. 'ஒருத்தி விரல் தடுக்கிக் காலியாவுற நாற்காலியில நான் குந்த மாட்டேன். காலையில போய் மொதல்ல அந்தப் பட்டனைச் சாகடிச்சிட்டு வா'ன்னா."