அம்மா சொல்ல வந்த மிச்சம்

லிஃப்ட் இந்த முறையும் அவர்களை ஏற்றிக்கொள்ளாமல் மேலே போனது.

"இதான் எங்க பில்டிங்கோட லட்சணம்," என்றாள் அக்கா. காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

தம்பி லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினான். அம்மா இறந்த பிறகு அக்கா வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. அவள் எதைக் கேட்கப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் வந்ததிலிருந்து பிள்ளைகளோடு கேரம் ஆடி, வேண்டுமென்றே தோற்று, மறுபடி ஆடிக்கொண்டிருந்தான். காய்கறி வாங்கத் துணைக்கு வா என்று அவள் கூப்பிட்டபோது தட்ட முடியவில்லை.

கேட்டேவிட்டாள்.

"நீ நெட் கம்பெனியிலதானே வேலை பாக்குற? மறைக்காம சொல்லுடா. அன்னிக்கு அம்மா பேசிட்டிருக்கும்போதே படம் நின்னுபோச்சே, அது என்னாலயா?"

அம்மாவுக்கு உடம்பு தேறிவருகிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. தம்பி வீட்டிலிருந்து வீடியோவில் வழக்கம்போல வம்பளந்துகொண்டிருந்த அம்மா, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். அதோடு முகம் அப்படியே நின்றுவிட்டது. அக்கா அழைப்பைத் துண்டித்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். அவள் திரும்பக் கூப்பிடுவதற்குள் செய்தி வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. காரணம், அவள் மாறியிருந்த இணையத் திட்டம். சினிமா எவ்வளவு பார்த்தாலும் டேட்டா கணக்கில் வராது என்று ஆசை காட்டினார்கள். பிள்ளைகள் நச்சரித்தார்கள், மாறிவிட்டாள். மாறிய நாளிலிருந்து சினிமா வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. அம்மாவோடு பேசினால் மட்டும் படம் திக்கித் திணறியது. சினிமாவுக்கு ஆசைப்பட்டு அம்மாவின் கடைசிப் பேச்சைத் தொலைத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாளாம். மாமாதான் ஃபோனில் சொன்னார். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் உன் அக்கா தேறுவாள் என்றார்.

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒரு பெரிய ஹோட்டல் கட்டடம் முழுக்க இலவசமாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தது. பதிலுக்கு அந்த ஹோட்டலின் பார்சல்காரருக்கு மட்டும் ஓர் அட்டை. அதைக் காட்டினால் லிஃப்ட் வேறு யாரையும் ஏற்றாமல், எந்த மாடியிலும் நிற்காமல் போகும். மற்ற கடைக்காரர்கள் படியேறிக்கொள்ளலாம், உடம்புக்கும் நல்லது என்று செயலாளர் எழுதியிருந்தார். அவர் வீடு தரைத்தளத்தில்.

தம்பி அந்தக் காகிதத்தைக் கையால் தட்டினான்.

"லிஃப்டுக்கு நீயும் மாசாமாசம் கட்டுறல்ல? உன் வீட்டுக்கு எந்தக் கடைச் சோறு வரணும்ங்கிறது உன் இஷ்டம். நடுவுல இவங்க வாங்கிக்கிட்டு, அந்த ஹோட்டல் சோறுன்னா லிஃப்டு, மத்த சோறுன்னா படிக்கட்டுங்கிறாங்க. லிஃப்டுக்கு எதுக்குக்கா அந்தப் பேதம்? வர்றதை ஏத்திட்டுப் போறதுதானே அதோட வேலை? நெட்டும் அப்படித்தான் இருக்கணும். எங்க ஆளுங்க சினிமாக்காரன்கிட்ட காசு வாங்கிக்கிட்டு, அம்மாவைப் படியேற விட்டுட்டாங்க. தப்பு உன்னுது இல்ல."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒருவன் இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அக்காவுக்கு அந்த நீளம் தேவைப்பட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக் கேட்டாள்.

"அப்போ அம்மா சொல்ல வந்த மிச்சம்?"

"கிளம்பிருச்சுக்கா. வழியில மாட்டிக்கிச்சு."

"நீ பக்கத்துலதானே இருந்த? உன் காதுல விழலையா?"

"நான் மாத்திரை எடுக்க உள்ள போயிருந்தேன்."

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். இத்தனை நாளில் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் அவள் அழுதது இதுதான் முதல் தடவை. நாசமாப் போறவனுங்க, நல்லா இருப்பானுங்களா என்று நெட் கம்பெனிக்காரர்களை வரிசையாகச் சபித்தாள். தனக்குச் சோறு போடுகிற தொழிலைத் தம்பியும் அவளோடு சேர்ந்து வாயாரத் திட்டினான். அவள் தோளில் கை வைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறான் என்று நினைத்து, அவனை அவள் தேற்றினாள்.

அன்று இணைப்பில் ஒரு குறையும் இல்லை.

அவன் மாத்திரை எடுக்கவும் போகவில்லை. தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த ஃபோனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். ஒன்று சொல்ல வேண்டும் என்ற அம்மா, அதற்கு மேல் மூச்சு எடுக்கவில்லை. கண் திறந்திருந்தது. வாயும் பேச்சின் பாதியில் திறந்தபடியே இருந்தது.

ஃபோனில் அக்காவின் குரல் கணீரென்று கேட்டது.

"ஐயோ, மறுபடியும் நெட்டு போச்சு! டேய் பசங்களா, ஓடி வாங்க, பாட்டி மூஞ்சியைப் பாருங்க!"

பிள்ளைகள் ஓடிவந்து பார்த்துச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஒருவன் பாட்டியைப் போலவே வாயைப் பிளந்து காட்டினான்.

அவர்கள் சிரித்து ஓய்ந்து, அக்கா அழைப்பைத் துண்டிக்கும்வரை தம்பி அசையாமல் நின்றான். அதன் பிறகுதான் குனிந்து அம்மாவின் வாயை மூடினான்.