மறுப்புக் கடிதத்தின் முதல் அச்சு

அச்சக முதலாளி சாலமோன் கடிதத்தை எழுதி முடித்து, மை காய ஊதினார்.

எதிரே நின்ற பாக்கியசீலனுக்கு இருபத்தாறு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. மிஷன் பள்ளியில் அச்சுக்கோக்கக் கற்றவன். பாதிரியாரின் சிபாரிசுச் சீட்டோடு பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி நடந்தே வந்திருந்தான்.

அச்சகத்துக்கு ஓர் ஆள் தேவைதான். சாலமோனுக்குத்தான் துணிவு வரவில்லை.

போதாக்குறைக்கு மூத்த கம்பாசிட்டர் இசக்கியப்பன் காதருகே வந்து கத்தினார். மிஷின் ஓடும்போது அங்கே யாரும் அப்படித்தான் பேச வேண்டும்.

"அண்ணாச்சி, மிஷினுக்குள்ள இவன் கை போயிட்டுன்னு வச்சுக்கிடுங்க. 'ஏலே, கையை எடு'ன்னு கத்துனா இவனுக்குக் கேக்குமா? யாரு பதில் சொல்லுதது?"

அதைத்தான் சாலமோனும் பாதிரியாருக்கு எழுதியிருந்தார். சேர்த்துக்கொள்ள இயலாமைக்கு வருந்துவதாக. காது கேளாதவருக்கு இயந்திரம் ஆபத்து என்று. சொல்லும் வேலையைப் புரிந்துகொள்வதும் அவருக்குக் கடினம் என்று.

கடிதத்தை நீட்டி, பாளையங்கோட்டை இருந்த திசையில் கையைக் காட்டினார். அச்சுக்கோக்கும் ஈய எழுத்துப் பெட்டிகளும் அந்தப் பக்கம்தான் இருந்தன.

பாக்கியசீலன் நின்றபடியே படித்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஆளில்லாத ஒரு பெட்டியின் முன் போய் நின்றான்.

பாவம், கடிதத்தை அச்சுக்கோத்துக் காட்டச் சோதனைக்குக் கொடுத்ததாக நினைத்துவிட்டான்.

தடுக்கப்போன இசக்கியப்பனைச் சாலமோன் கையமர்த்தினார். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

முதல் இரண்டு வரிக்கு அவன் ஈய எழுத்துகளைத் தேடி எடுத்தான். அதன்பின் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மை தடவி, ஈரத்தாளை வைத்துத் தட்டி, புரூப் எடுத்து மேசையில் வைத்தான்.

சாலமோன் தன் மறுப்பைத் தானே அச்சில் படித்தார்.

அவசரத்தில் அவர் 'வறுந்துகிறேன்' என்று எழுதிவிட்டிருந்தார். அச்சில் அது சரியான ரகரத்தோடு நின்றது. 'புரிந்துகொள்வதும் கடினம்' என்ற வரியை இரண்டாம் முறை படிக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இசக்கியப்பன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம ஆளுவ இதுக்கு அரை நாளு ஆக்குவானுவ அண்ணாச்சி. மிஷின்கிட்ட நான் நிக்கேன். இவனைப் பெட்டியில போடுங்க."

சாலமோன் சிலேட்டை எடுத்தார். 'நாளை காலை ஏழு மணிக்கு வா' என்று எழுதிக் காட்டினார்.

பாக்கியசீலன் தலையசைத்துவிட்டு, மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

மனம் கேட்காமல் சாலமோன் இன்னொரு வரி எழுதினார்: 'இது உன்னை வேண்டாம் என்ற கடிதம். தெரியுமா?'

அவன் சிரித்தபடி சிலேட்டை வாங்கினான்.

'முதல் வரியிலேயே தெரிந்தது ஐயா. இதற்கு முன் மூன்று அச்சகத்திலும் இதே கடிதம்தான் கொடுத்தார்கள். எழுத்துப்பிழை மட்டும்தான் வேறு.'