அளவு மாறாத மாத்திரை

"மாத்திரை அளவைக் கடைசியா எப்ப மாத்தினாங்க, ஐயா?"

கலைப்பிரியா கேட்டதும் தீனதயாளன் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"அங்க என்னா பாக்கறீங்க? ஃபேனா வந்து சொல்லப் போவுது?" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த வீரம்மாள்.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது கலைப்பிரியாவின் இன்சூரன்ஸ் அலுவலகம். இருவரும் விழுப்புரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார்கள். தீனதயாளன் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. அவருடைய ஒரே மகள் ஷாலினி கனடாவில் இருக்கிறாள். இனிமேல் என்னோடு வந்து இருங்கள் என்று ஒரு வருடமாகக் கூப்பிடுகிறாள். ஆனால் மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாமல் விசாவுக்கு எழுதவே முடியாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், கூடவே சர்க்கரை. விழுப்புரத்தில் இரண்டு இடத்தில் சொன்ன தொகையைக் கேட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். இங்கேயும் கட்டுப்படியாகவில்லை என்றால் கனடாவை மறந்துவிட வேண்டியதுதான்.

"இந்தக் கம்பெனில ஒரு வசதி இருக்கு, ஐயா" என்று கலைப்பிரியா விளக்கினாள். "ஒரு வருஷமா மாத்திரை அளவு மாறாம இருந்தா, பழைய வியாதிக்கும் சேத்துக் குடுப்பாங்க. தொகையும் கம்மி. நடுவுல ஒரு தடவை கூட்டியிருந்தாலும் கெடையாது. அதான் கேக்கறேன்."

தீனதயாளன் தாடையைச் சொறிந்தார். "அளவெல்லாம் எனக்கு எங்க ஞாபகம் இருக்குது? குடுப்பாங்க, முழுங்குவேன்."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டின ஆளு, தான் முழுங்கறது என்னான்னு தெரியல" என்றாள் வீரம்மாள். "நீ எழுதிக்க கண்ணு. சக்கர மாத்திரைய போன வருஷம் ஆடில ஒண்ணுலேர்ந்து ரெண்டாக்குனாங்க. இது புரட்டாசி. இன்னிக்கி வரைக்கும் அதே ரெண்டுதான். நெஞ்சு மாத்திரை நாலு வருஷமா மாறவே இல்ல."

"வாயில சொன்னா ஒத்துக்க மாட்டாங்களே, அம்மா."

வீரம்மாள் ஒயர் கூடைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மாத்திரை வாங்கும் நோட்டு. கலைப்பிரியா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். போன வருட ஆடியிலிருந்து ஒரு மாதம் விடாமல் பதினைந்து முத்திரைகள். அளவு ஒரு புள்ளி மாறவில்லை.

"அம்மா, நீங்க இல்லன்னா ஐயாவுக்கு இன்னிக்கி வேலை ஆகியிருக்காது."

"இதையும் எழுதிக்க. இப்பதான் கீழ பஸ் ஸ்டாண்டுல மல்லாட்டை உருண்டை வாங்கித் தின்னாரு."

"ஒரே ஒரு கடலை உருண்டைதாம்மா" என்றார் தீனதயாளன்.

"ரெண்டு. நான் அந்தப் பக்கம் திரும்பினப்ப ஒண்ணு."

கலைப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைக் கணினியில் திறந்தாள். "சரி, இப்ப அம்மாவோட விவரம். உங்களுக்கு என்னென்ன தொந்தரவு இருக்கும்மா?"

வீரம்மாள் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டு தீனதயாளனைப் பார்த்தாள்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "இவங்களுக்கு பிரஷர் மட்டுந்தான். காலையில ஒரு மாத்திரை. வலது முட்டியில வலி இருக்குது, வெளிய காட்டிக்க மாட்டாங்க. வயசு அறுபத்திரண்டு."

மனைவியை 'இவங்க' என்று சொல்லும் ஆண்களைக் கலைப்பிரியா அதிகம் பார்த்ததில்லை. அவளுக்கு அந்தப் பெரியவரைப் பிடித்துவிட்டது.

"அம்மாவுக்கு பாஸ்போர்ட்?"

"எங்கிட்ட ஏது கண்ணு?" என்றாள் வீரம்மாள். குரல் ஏனோ சன்னமாகியிருந்தது.

"எடுத்துக்கலாம்" என்றார் தீனதயாளன், மேசையைப் பார்த்தபடி.

கலைப்பிரியா விசைகளைத் தட்டினாள். திரையில் தொகை வந்ததும் அதை அவர்கள் பக்கம் திருப்பினாள். "பாருங்க ஐயா. விழுப்புரத்துல உங்க ஒருத்தருக்குச் சொன்ன தொகையில, இங்க ரெண்டு பேருக்கும் வந்துடுது. மாசாமாசம் கட்டலாம்."

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "என் பென்ஷன்லயே முடியும் போலிருக்கே."

"தாராளமா முடியும். ஒரே ஒரு பேப்பர் மட்டும் பாக்கி. உங்க கல்யாணத்தைப் பதிவு பண்ணின சர்ட்டிபிகேட் வேணும். இல்லன்னா பழைய பத்திரிகை, போட்டோ ஏதாவது இருந்தாலும் பாக்கலாம்."

தீனதயாளன் மறுபடியும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்துபோயிருந்ததைக் கலைப்பிரியா அப்போதுதான் கவனித்தாள்.

"என்னம்மா, தொலைஞ்சிடுச்சா?" என்று வீரம்மாளிடம் கேட்டாள்.

"இருந்தாதானே தொலையும்? நான் இவரு சம்சாரம் இல்ல கண்ணு. அந்தம்மா போயி பத்து வருஷம் ஆச்சு, எங்க வூட்டுக்காரரு அதுக்கும் முன்னாடியே போயிட்டாரு. நான் ஆஸ்பத்திரி மாத்திரை வரிசைல ஏழு வருஷமா இவருக்கு முன்னாடி நிக்கறவ. நோட்ட எங்கியாவது வெச்சிட்டு முழிப்பாரு, அதான் நானே வாங்கி வெச்சிக்கினேன். இன்னிக்கி இவர கனடா அனுப்பி வெக்கத்தான் கூட வந்தேன்."

கலைப்பிரியாவின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. "அப்ப நான் உங்க பேரையும் சேத்து எழுதறப்ப ஏம்மா சொல்லல?"

வீரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதன்முறையாகச் சிரித்தாள்.

"இவரு 'இல்ல'ன்னு சொல்லுவாரான்னு பாத்துக்கினு இருந்தேன் கண்ணு. கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."