கம்பெனிக் கடன்

"கிறிஸ்தோபர் அண்ணன் மறுபடியும் கம்பெனிக்குக் கடன் எடுத்திருக்காரா?"

"நேத்து இருபது லட்சம்," என்றான் வங்கியில் வேலை பார்க்கும் ஷியாம். "ஏன் சேர், உங்களுக்குத் தெரியாதா? மூணு வருஷமா எடுக்கிறதும் கட்டுறதும் திரும்ப எடுக்கிறதுமாத்தானே ஓடுது."

ஹுஸ்னியின் முகம் கறுத்துப் போனது. வெளியே வந்து, மோட்டார் சைக்கிளை அலுவிகாரையில் இருக்கும் கிறிஸ்தோபரின் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

அவரும் கிறிஸ்தோபரும் பாதிக்குப் பாதி சேர்ந்து நடத்தும் கம்பெனி அது. கல்குவாரிக்காரர்களுக்கு முன்பணம் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக, குவாரியிலிருந்து விற்றுப் போகும் ஒவ்வொரு லோட்டிலும் இவர்களுக்கு ஒரு பங்கு வரும். அதுதான் ரோயல்டி. குவாரி குவாரியாக அலைவது ஹுஸ்னி. காசு, கணக்கு, வங்கி எல்லாம் கிறிஸ்தோபர்.

வேண்டும்போது எடுத்து, முடியும்போது கட்டி, மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கி கடன் வசதி கொடுத்த அன்றைக்கே ஹுஸ்னி கையெழுத்துப் போட மறுத்தார்.

"எங்க மார்க்கத்துல வட்டி கொடுக்கிறதும் ஹறாம் அண்ணே."

"அவசரத்துக்கு மட்டும் வச்சுக்குவோம்," என்று கிறிஸ்தோபர் சொன்ன பிறகுதான் போட்டார்.

அந்த அவசரம் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

அலுவிகாரையில் கிறிஸ்தோபரின் மனைவி மதலேனாதான் கதவைத் திறந்தார்.

"அவரு நாலந்தாவுக்குப் போயிருக்காரு, புதுக் குவாரிக்கு முன்பணம் கொடுக்க. உக்காருங்க தம்பி, பிளேன்டீ ஊத்துறேன்."

"வேணாம் அக்கா. நான் கம்பெனியை விட்டு விலகுறேன். அண்ணன்கிட்ட சொல்லிருங்க."

"என்ன நடந்துச்சு?"

"எனக்குத் தெரியாம வட்டிக்கு எடுத்துக்கிட்டே இருந்திருக்காரு. போன வருஷம் நான் மக்காவுக்கு உம்றா போனதுகூட இந்த ரோயல்டிக் காசுலதான். அவரை நம்பித்தானே கணக்கே பார்க்காம இருந்தேன்?"

மதலேனா ஒரு கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கடன் எடுக்கலன்னா ஒரு குவாரியும் கிடைச்சிருக்காது தம்பி. முன்பணம் கொடுக்க ரெண்டு பேர் கையிலயும் காசு எங்க இருந்துச்சு? ஆனா உங்ககிட்ட மறைச்சது பிழைதான். நானும் சண்டை பிடிச்சேன்."

"பிறகு என்ன அக்கா?"

"கடன்தான் கம்பெனிக்கு. வட்டி கம்பெனிக் காசுல போகல. லாபத்தைச் சரிபாதியாப் பிரிச்சு, முதல்ல உங்க பங்கை அனுப்பிருவாரு. பிறகு அவரு பங்குல இருந்துதான் முழு வட்டியையும் கட்டுவாரு. வட்டி ஏறுன வருஷம் அதுவும் பத்தாமத்தான் வேனை வித்தாரு."

ஹுஸ்னி அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். கிறிஸ்தோபர் வேனை விற்றபோது, கம்பெனிக் காசில் புதுசு எடுக்கப் போகிறார் என்று தன் வீட்டில் சொல்லிச் சிரித்தவர் அவர்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"நானும் அதைத்தான் சொன்னேன். 'தொழில் ரெண்டு பேருக்கும்தானே, பாதி வட்டியை ஹுஸ்னி தம்பி கட்டட்டுமே'ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"'அவன் கட்டினா அது அவனுக்குப் பாவம். நமக்கு அது வெறும் செலவுதானே'ன்னாரு."