தூக்க வந்தவர்கள்

"தலைமாட்டுப் பக்கம் பிளக் பாயிண்ட் எங்கம்மா கீது?"

ஃப்ரீசர் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தபடி கேட்டார் சுப்பராயன். மறுமுனையில் அபார்ட்மெண்ட் செக்யூரிட்டிக்கு மூச்சு வாங்கியது. லிஃப்டில் பெட்டி நுழையாததால் மூன்று மாடியும் படியேறித்தான் வந்திருந்தார்கள்.

"டி.வி.க்குப் பக்கத்துல இருக்கு அண்ணா" என்றாள் வர்ஷா. கல்லூரியில் முதலாண்டு படிக்கிற பெண். காலையில் குளிக்கப் போன அப்பா பாத்ரூமிலேயே விழுந்துவிட்டார் என்பதை அவளால் இன்னும் நம்ப முடியவில்லை. அம்மா வித்யா சுவரில் சாய்ந்து, அழக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

உடலைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்த சுப்பராயன், முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"கார்த்திகேசன் சாரா?"

"அப்பாவை உங்களுக்குத் தெரியுமா?"

"அம்பத்தூர் எஸ்டேட்டுல சாரோட கம்பெனிதாம்மா. தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல பத்தொம்போது வருஷம் இருந்தேன். சாரு எச்.ஆர். மேனேஜரு." கொஞ்சம் தயங்கினார். "போன வருஷம் ஆள் கொறைச்சாங்கள்ல, அப்ப வெளிய வந்துட்டேன். இப்ப இந்தப் பொட்டி வண்டிய ஓட்டிக்கினு கீறேன்."

"அந்த முப்பத்து நாலு பேர்ல நீங்களும் ஒருத்தரா?" வர்ஷாவின் கண்கள் மறுபடி நிறைந்தன. "அப்பா உங்களுக்காக ரொம்ப சண்டை போட்டாராம் அண்ணா. மேல இருக்கறவங்க கேக்கவே இல்லையாம். அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்ல. என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன், முடிஞ்சதெல்லாம் செஞ்சேன்னு சொல்லிட்டே இருந்தாரு."

சுப்பராயன் கண்ணாடி மூடியை மெதுவாக இறக்கினார்.

"ஆமா பாப்பா. சாரு எங்களுக்காக நின்னாரு."

வித்யா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர், வாசலில் நின்று கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். நாலைந்து பேர்தான் இருந்தார்கள், எல்லோரும் பெண்கள். வேலை நாள் என்பதால் பக்கத்து ஃப்ளாட்டுகள் பூட்டிக் கிடந்தன. இவர்கள் நூம்பலுக்குக் குடிவந்தே எட்டு மாதம்தான் ஆகிறது. சேலத்திலிருந்து பெரியப்பா இன்னும் வந்து சேரவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு மாலை வந்திருந்தது. அதையும் பூக்கடை ஆள் கொடுத்துவிட்டு, செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"கீழ தூக்கினு போறதுக்கு ஆளு கீறாங்களா பாப்பா?"

வர்ஷா விழித்தாள். "தெரியல அண்ணா. யாரைக் கேக்கணும்?"

சுப்பராயன் படிக்கட்டுப் பக்கம் வந்து, தன்னோடு பிரஸ் ஷாப்பில் இருந்த பாபுவுக்குப் போன் போட்டார்.

"எங்க கீறே பாபு?"

"பாடி பஸ் ஸ்டாப்பாண்ட ஒரு சவாரிய எறக்கினேன். இன்னா மாமே?"

"கார்த்திகேசன் சாரு தவறிட்டாரு. ஊடு நூம்பல்ல. தூக்க ஆளு இல்ல."

எதிர்முனையில் ஆட்டோ இன்ஜின் அணைந்தது.

"காலேஜ் போற பொண்ணு ஒண்ணு தனியா நிக்குது பாபு. நம்ம ஆளுங்களுக்கும் சொல்லு."

"சரி மாமே. வரேன்."

மதியம் இரண்டு மணிக்குள் பதினாறு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் வாட்ச்மேன் யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். இன்னொருவர் சாப்பாடு டெலிவரி செய்கிற டி-ஷர்ட்டில். ஒருவர் தண்ணீர் கேன்களை ஏற்றிய குட்டி யானை வேனைத் தெருவில் ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தார். பார்க்கிங்கில் அவர்களை நிறுத்தி, சுப்பராயன் ஐந்து நிமிடம் பேசினார். பிறகுதான் எல்லோரும் மேலே போனார்கள்.

அதற்குப் பின் வர்ஷா எதையும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலி வந்தது, பாடைக்கு மூங்கில் வந்தது, மின்மயானத்தில் நேரம் சொல்லியாகிவிட்டது. பாபு அவள் எதிரே வந்து கைகட்டி நின்றார்.

"தைரியமா இரு பாப்பா. உங்கப்பா எங்களுக்கு எவ்ளோ செஞ்சிக்கீறாரு. நாங்கள்லாம் கீறோம்."

வர்ஷா ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியாம்மா? வேலை போயும் அப்பாவுக்காக எத்தனை பேர் வந்திருக்காங்க பாரு!"

காலையிலிருந்து அழாத வித்யா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

பெரியப்பா வந்ததும் தூக்கினார்கள். பிரஸ் ஷாப்பில் கனம் தூக்கிப் பழகிய தோள்கள். குறுகலான படி வளைவுகளில் ஓரிடத்தில்கூட இடிக்காமல் இறக்கி, அமரர் ஊர்தி வேனில் வைத்தார்கள். பெரியப்பாவோடு வர்ஷாவும் ஏறிக்கொண்டாள். வேன் நகர, பின்னாலேயே பாபுவின் ஆட்டோவும் மற்ற வண்டிகளும் போயின.

ஃப்ரீசர் பெட்டியை எடுக்க மேலே வந்தார் சுப்பராயன். ஆவடியில் அடுத்த வீடு காத்திருந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட உள்ளே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் வித்யா மட்டும் இருந்தாள்.

"என் பொண்ணுகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்டிம்மா?"

"அவர் உங்களுக்காக நின்னாருன்னு." உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "அந்த லிஸ்ட்டை எழுதினதே அவர்தான். மேல கேட்டது இருபது பேரு. நல்ல பேர் வாங்கறதுக்காக இவரா முப்பத்து நாலு பேரைக் குடுத்தாரு. அது தெரியாமதானே நீங்கள்லாம் வந்து தூக்கினீங்க?"

"தெரியும்மா" என்றார் சுப்பராயன். "வந்தவங்க அத்தினி பேருக்கும் தெரியும்."