கீழே ஓடும் எழுத்து

திரையில் அம்மா பேசத் தொடங்கியதும் கீழே வெள்ளை எழுத்துகள் ஓடின.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா கைப்பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வாசித்தார். உதடுகள் அசைந்தன.

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ரொறன்ரோவில் ஒரு சிறிய திரையரங்கு. அவள் எடுத்த முதல் படம். இலங்கையிலிருந்து கைக்குழந்தையோடு வந்திறங்கி, கோப்பிக் கடையொன்றில் கார்கள் வரிசையாக வந்து நிற்கும் இரண்டு ஜன்னல்களில் இரண்டாவதில் வேலை செய்து அவளை வளர்த்த அம்மாவைப் பற்றியது.

படம் பிடித்த அன்று அம்மா கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்திருந்தார். சமையலறையில் கமராவைப் பொருத்திவிட்டு, தமிழிலேயே சொல்லுங்கோ அம்மா என்று அவள் கேட்டாள்.

"சும்மா இரு பிள்ளை. வெள்ளைக்காரரும் வந்து பாக்கிற படமெல்லோ? சனம் கீழ எழுத்தை வாசிச்சு வாசிச்சுக் களைச்சுப் போகும். நான் இங்கிலீசிலயே சொல்லுறன்."

அதற்காகக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லியும் பார்த்தார். கதவுக்கு வெளியே நின்றவளுக்கு எல்லாம் கேட்டது.

அந்த ஆங்கிலத்தை அம்மாவுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கார்க்காரர்கள் சொல்வதைக் கேட்கக் காதில் மாட்டிய கருவியில், மழைக்கும் எஞ்சின் இரைச்சலுக்கும் பின் இருக்கைக் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவே, கேட்டுக் கேட்டுப் பொறுக்கிச் சேர்த்தது. அந்த ஜன்னலுக்கு வந்த ஒருவரும் கேட்டது கிடைக்காமல் போனதில்லை.

படத்தைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது வந்து பார்த்த நண்பன், உன் அம்மா சொல்வதில் ஓரிரு சொல் பிடிபடவில்லை என்றான். நல்லவன். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை.

அன்றே உட்கார்ந்து அம்மாவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஆங்கிலத்திலேயே எழுத்துப் போட்டாள். அம்மா விட்டுவிட்ட சொற்களைச் சேர்த்தாள். பிழையான வினைச்சொற்களைத் திருத்தினாள்.

அம்மாவுக்குச் செய்யும் உதவி என்றே நினைத்தாள்.

இப்போது திரையில் அம்மா, எல்லோரையும் சிரிக்கவைக்கும் அந்தப் பகிடிக்கு வந்திருந்தார்.

காரில் வந்த ஒருவர், நீ எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டாராம். இரண்டாம் ஜன்னலில் இருந்து என்றாராம் அம்மா.

கேள்வியைச் சொல்லிவிட்டு அம்மா ஒரு கணம் நிறுத்துவார். புருவத்தை உயர்த்துவார். பிறகுதான் பதில் வரும். வீட்டுக்கு வந்த எத்தனையோ பேர் அந்த நிறுத்தத்துக்காகவே மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

அரங்கம் அம்மா நிறுத்தியபோதே சிரித்துவிட்டது.

பதிலைக் கீழே வாசித்துவிட்டார்கள்.

அம்மா பதிலைச் சொன்னபோது சிரிப்பு அடங்கிக்கொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து ஓடிப்போய் படத்தை நிறுத்தச் சொன்னால் என்ன என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து அம்மாவின் பழைய மேலாளர் வந்தார். ஸ்கொட்லாந்துக்காரர். வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறவர் போலப் பேசுவார். அவர் சொன்னதில் பாதி அவளுக்கே விளங்கியதில்லை.

அவருக்குக் கீழே எழுத்து இல்லை.

அம்மா முன்னால் சாய்ந்து திரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். மேலாளர் பேசி முடித்துப் போய்விட்டார்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். படம் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

விளக்குகள் எரிந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாயையும் மகளையும் மேடைக்கு அழைத்தார்கள்.

நிகழ்ச்சியை நடத்திய வெள்ளைக்காரப் பெண் மிகவும் அன்பானவள். ஒலிவாங்கியைத் தானே அம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு சொற்களுக்கு நடுவே இடம்விட்டு, கொஞ்சம் சத்தமாக, ஆங்கிலத்தில் கேட்டாள்.

மகளின் படத்தில் உங்களைப் பார்க்க எப்படி இருந்தது?

மேடைக்கு ஏறும்போது மகள் தனக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். அம்மா ஏதாவது சொல்லட்டும். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. இவர்கள் எல்லோருக்கும் விளங்கும்படி, அந்த ஆங்கிலத்திலேயே சொல்லட்டும்.

அம்மா சபையைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு மகள் பக்கம் திரும்பினார். ஒலிவாங்கியை வாயிலிருந்து விலக்கவில்லை.

"அவ என்ன கேக்கிறா எண்டு சொல்லு, பிள்ளை."

அரங்கம் பொறுமையாகக் காத்திருந்தது.

அவள் கேள்வியைத் தமிழில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள்.

அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டி, கவனமாகக் கேட்டுக்கொண்டார்.