அடுத்த வாரம் தர்றேன்

தொழிலாளர் அலுவலகத்தை மூட இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. சலவைக்கடை இஸ்திரிக்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னமும் தயங்கினார்.

"முதலாளி அடுத்த வாரம் கட்டாயம் தர்றேன்னு சொல்லியிருக்காரும்மா."

"மூணு மாசமா அதே அடுத்த வாரம்தானே?" பக்கத்தில் நின்றவள் எரிந்து விழுந்தாள். "மகள் பிரசவத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு போட்டீங்க. அது சம்பளத்தோட குடுக்க வேண்டிய லீவு. அதைக் கேட்டு மனு குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். நாளைக்கு வந்தா வாங்கவே மாட்டாங்க."

"வேணும்னே இழுத்தடிக்கிற மாதிரி தெரியலையேம்மா. சிரிச்ச முகமாத்தான் பேசுறாரு."

"சிரிப்பாரு, ஏன் சிரிக்க மாட்டாரு? கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். குமாஸ்தா மனுவைப் புரட்டினார். "முதலாளியோட வீட்டு விலாசம் எங்க?"

இஸ்திரிக்காரர் தலையைச் சொறிந்தார். அவள் பேனாவைப் பிடுங்கி மளமளவென்று எழுதினாள்.

"விலாசம் சரிதானாம்மா? நோட்டீஸ் திரும்பி வந்துடக் கூடாது."

"வராது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கி என் புருஷன் கையில குடுக்கிறேன். இன்னிக்கு ஒரு நாளை ஓட்டிட்டாப் போதும்னு, காலையில நான் போட்ட காபியைக் குடிச்சுக்கிட்டே சிரிச்சாரு."